இருபது கேள்விகளும் மஞ்சள் மேசையும்

நான் பொய் எழுதியிருந்தால் என் மகள் ஐந்து வாரம் மஞ்சள் மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டாள். நடந்து முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நாமக்கல் பக்கத்திலிருந்து கணவரின் ஐ.டி. வேலைக்காக வந்தோம். நான் வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவள். மகள் பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. அதனால் மகள்தான் என் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; நானும் அப்படித்தான் நினைக்கிறேன். டிபன் டப்பாவில் அவள் பாதி இட்லியை மிச்சம் வைத்து வந்தால் எனக்கு யாரோ மதிப்பெண் குறைத்துவிட்டது போலிருக்கும்.

இந்த வருடம் அவள் ஒன்றாம் வகுப்பு. பள்ளி திறந்த இரண்டாவது வாரம் டைரியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டி வந்தது. ஒன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு சனிக்கிழமைகள் பயிலரங்கு. குடும்பத்தை வலுப்படுத்தவும் பிள்ளைகள் படிப்பில் வெற்றி பெறவும். பெற்றோர் கட்டாயம் வர வேண்டும். வந்தவர்களுடைய பிள்ளையின் டைரியில் நட்சத்திர முத்திரை குத்தப்படும்.

"அம்மா, நீ போவியா? எனக்கு ஸ்டார் வருமா?" என்று அன்று மாலையே கேட்டாள். போகாமல் இருக்க முடியுமா?

சுற்றறிக்கையில் பெற்றோர் என்றுதான் போட்டிருந்தது. முதல் சனிக்கிழமை அரங்கில் பார்த்தால் அறுபது எழுபது பெண்கள், மூன்று ஆண்கள். மற்ற அப்பாக்கள் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு எதிரே டீக்கடையில் நின்றார்கள். என் கணவரும் அங்கேதான் நின்றார். சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மைக்கைப் பிடித்ததும் "அம்மாக்களே" என்றுதான் தொடங்கினார். திரையில் மூளையின் படம் வந்தது. குழந்தையிடம் குரல் உயர்த்தினால் அந்தப் படத்தில் ஒரு பகுதி சிவப்பாகும். கட்டிப்பிடித்தால் பச்சையாகும். பிறகு எல்லோரையும் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, மனதுக்குள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வயலின் இசை போட்டார்கள். பலர் அழுதார்கள். நானும் அழுதேன். அந்த அழுகையை நினைத்தால்தான் இப்போது எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அழவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகாபலிபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு சொகுசு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு நேராக வந்திருந்தார். வீடு திருவிடந்தை. மகன் என் மகளின் வகுப்பு. இலவச ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை வாம்மா, போம்மா என்றார்.

வயலின் நின்றதும் கண் விழித்தார். "இன்னாம்மா, யாராச்சும் பூட்டாங்களா? அல்லாரும் அழுதுகினு கீறாங்க?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்கு சனிக்கிழமைகளும் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அன்று கிளம்பும்போது ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். இருபது வாக்கியங்கள். குழந்தையுடன் தினமும் அரைமணி நேரம் கைபேசி இல்லாமல் செலவிடுகிறேன். தினமும் கதை சொல்கிறேன். குழந்தையிடம் குரல் உயர்த்துவதில்லை. ஒருவேளை உணவையாவது குடும்பமாகச் சேர்ந்து உண்கிறோம். இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: எப்போதும், சில நேரம், இல்லை. கீழே அம்மாவின் கையொப்பத்துக்கு ஒரு கோடு. அப்பாவுக்குக் கோடு கிடையாது. "உண்மையை மட்டும் எழுதுங்கள். இது உங்களை நீங்களே அறிந்துகொள்ள மட்டும்தான்" என்று பயிற்சியாளர் இரண்டு முறை சொன்னார்.

அக்கா படிவத்தை முழங்காலில் வைத்து, என் பேனாவை வாங்கி, முதல் கட்ட வரிசையில் மேலிருந்து கீழாக இருபது டிக் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அக்கா, உண்மையை எழுதச் சொன்னாங்களே."

"எந்த ஃபாரத்துல தாம்மா அப்டி போடல? ரேஷன் கார்டுக்கும் அப்டி தான் போட்ருந்தான்." பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "நீ இன்னா, இத்த வூட்டுக்கு எடுத்துகினு போயி பரீட்சை மாதிரி எழுதப் போறியா?"

அப்படித்தான் எழுதினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழுதினேன். முதலில் பென்சிலில் குறித்து, அழித்து, பிறகு பேனாவில். பதினொரு இடங்களில் 'இல்லை' வந்தது. அதை அப்படியே விட மனம் வரவில்லை. கோடு போட்ட தாளில் விளக்கம் எழுதிப் பின் அடித்துச் சேர்த்தேன். குரல் உயர்த்துவது பற்றி: காலை எட்டு மணிக்கு ஷூவில் ஒன்று காணாமல் போனால் உயர்கிறது, மாலையில் காணாமல் போனால் உயர்வதில்லை. சேர்ந்து உண்பது பற்றி: கணவருக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து ஷிஃப்ட் என்பதால் ஞாயிறு மட்டும். கதை பற்றி: எனக்குக் கதை சொல்ல வராது, பாதியில் மறந்துவிடும்; அதற்குப் பதிலாக வெளியே போகும்போது அவள் எனக்குக் கடைப் பலகைகளை வாசித்துக் காட்டுவாள். கையொப்பமிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, திங்கள் காலை முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக் காலத்தில் வீட்டுப்பாடத்தை இப்படித்தான் கொடுப்பேன்.

அதற்கு அடுத்த திங்கள்கிழமை மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, எனக்குப் புது சீட்டு! மஞ்சள் டேபிள். ஜன்னல் பக்கம். ஆறே பேர்தான்."

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. தனிக் கவனம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் அவள் கொண்டுவந்த தாள்களைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. புள்ளி வைத்த எழுத்துகள். அ-வின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். ஆ-வின் மேல் ஓட்ட வேண்டும். அவள் நான்கு வயதில் செய்து முடித்த வேலை. வகுப்பின் மற்றப் பிள்ளைகள் கதைப் புத்தகம் வாசிக்கிறார்கள் என்றாள்.

"நீ வாசிக்கலையா கண்ணு?"

"எங்க டேபிளுக்குப் புக்கு இல்லம்மா."

ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடற்கரைக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் முன்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் பலகைகளைச் சத்தமாக வாசிப்பது அவள் வழக்கம். டயர் கடை, பிரியாணி, இரத்தப் பரிசோதனை நிலையம், மனை விற்பனைக்கு. ஒருமுறை 'மூலம், பவுத்திரம்' என்ற விளம்பரத்தை அவள் கணீரென்று வாசிக்க ஆட்டோவே சிரித்தது. அன்று வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் உப்பளம் வரும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஒரு பலகையைக் காட்டி, "அது என்னன்னு படி கண்ணு" என்றேன்.

"நான் மஞ்சள் டேபிள்மா," என்றாள். "நாங்க இன்னும் அதெல்லாம் படிக்கல."

ஆறு வயதுப் பிள்ளை. படிக்கத் தெரிந்த பிள்ளை. தனக்குப் படிக்கத் தெரியாது என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

இப்போது எழுதும்போது எனக்கு வரும் கோபம் அப்போது வரவில்லை. அப்போது வந்தது பயம். நான் என்ன தப்பு செய்தேன் என்றுதான் மனம் போனது. இரண்டாவது பயிலரங்கில் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்து வந்து செய்தேன். கைபேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். கதை சொல்லத் தொடங்கி நடுக்காட்டில் சிங்கத்தை நிறுத்திவிட்டு விழித்தேன். சனிக்கிழமைகளில் கணவர் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் குடும்பமாக உண்ண வேண்டும் என்று காலை பதினோரு மணிக்கே சோறும் சாம்பாரும் வைத்தேன்.

"பதினோரு மணிக்கு எவன் சோறு திம்பான்?" என்றார் கணவர்.

"பிள்ளை படிப்புக்காகங்க."

"பிள்ளை நல்லாத்தான் படிச்சிட்டிருந்தா. நீ கிளாஸுக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்துதான் இந்தக் கூத்து."

டீக்கடையில் நின்றவருக்கு இதைச் சொல்ல உரிமை உண்டா என்று கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை இடைவேளையில் வகுப்பு ஆசிரியையை வராந்தாவில் பிடித்தேன். அவள் வாசிப்பில் என்ன குறை என்று சொன்னால் வீட்டில் சரிசெய்கிறேன் என்றேன். அவர் விழித்தார்.

"வாசிப்பா? அது வாசிப்பைப் பாத்துப் போட்டதில்லை மேடம். வீட்டுச் சூழல் மதிப்பெண்ணைப் பாத்து மேலேருந்து லிஸ்ட் வந்தது. நீங்களே பதினொரு 'இல்லை' போட்டிருக்கீங்களே."

"அது எங்களை நாங்களே தெரிஞ்சுக்கன்னு சொன்னாங்களே மிஸ்."

அவர் கையிலிருந்த டைரிகளை அடுக்கிச் சரிசெய்தார்.

"அவ படிக்கிறதை ஒரு தடவையாவது கேட்டீங்களா மிஸ்?"

"நாப்பத்திரண்டு பிள்ளைங்க மேடம்," என்றார் அவர் தாழ்ந்த குரலில். அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. அவர் கையில் நாற்பத்திரண்டு டைரிகளும் நட்சத்திர முத்திரையும் இருந்தன.

நாற்காலிக்குத் திரும்பி அக்காவிடம் சொன்னேன். அவர் அன்று தூங்கவில்லை.

"நீ வேற. என் கதைய கேளு. என் புள்ளைக்கு அ, ஆ-வே இன்னும் ஒழுங்கா வரல. அவனுக்குக் கதை புக்க குடுத்து, எந்திரிச்சு நின்னு படிடான்றாங்க. இவன் பாத்ரூம் பாத்ரூம்னு ஓடிகினே கீறான். நேத்து ஸ்கூலுக்கே வர மாட்டேன்னு ஒரே அழுகை. பேஜாரா பூடுச்சு." என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அந்த மஞ்ச டேபிள்ல எழுத்த மொதல்லேர்ந்து சொல்லித் தராங்களாமே? நெஜமா?"

அவர் மகன் அங்கே போக வேண்டும். என் மகள் அங்கிருந்து வர வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். பார்த்தது தாள்களை மட்டும்.

நான்காவது சனிக்கிழமை நிறைவு விழா. சான்றிதழ், குழுப் புகைப்படம், சமோசா. கணவர் அன்று காலையிலேயே அலுவலகம் போக வேண்டியிருந்ததால் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். விழா முடிந்ததும் நானும் அக்காவும் ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போனோம். இதையெல்லாம் மேலிருந்து நடத்தியவர் அவர்தான். அவர் எனக்கு நாற்காலி காட்டினார். அக்கா நின்றார். அதைப் பார்த்து நானும் உட்காரவில்லை. இப்படி ஒன்றை என் வாழ்க்கையில் அதற்குமுன் செய்ததில்லை.

என் படிவத்தை வைத்து மகளை மேசை மாற்றியது சரியா என்று கேட்டேன். ஆதரவு குறைவான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் கொடுப்பதுதான் திட்டத்தின் நோக்கம் என்றார். ஆதரவு குறைவான வீடு. நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய தாளுக்கு அதுதான் பெயர்.

"அதோட நான் ஒரு விளக்கமும் எழுதி இணைச்சிருந்தேனே மேடம். அவ கடைப் பலகையெல்லாம் வாசிப்பான்னு அதுல இருக்கே."

அவர் கோப்பைப் புரட்டினார். என் தாள் பின் கழற்றப்படாமல் இருந்தது. அதன் மடிப்புக்கூடப் பிரிக்கப்படவில்லை.

"இப்ப ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்க மேடம். இதோ நிக்கிறா."

"ஒவ்வொருத்தருக்கும் அப்படிச் செய்ய முடியாது மேடம். ஒரு முறைன்னு இருக்கு. இந்த ஆறு வாரத்துல உங்க வீட்டுல முன்னேற்றம் இருந்தா, புதுப் படிவத்துல அதை எழுதிக் குடுங்க. மதிப்பெண் வந்தா மேசை மாறும்." பிறகு அக்காவிடம் திரும்பி, "உனக்கு என்னம்மா? நீ இருபதுக்கு இருபது. எங்க முன்மாதிரிப் பெற்றோரே நீதான். எதுக்கு மாத்தணும்ங்கிற?" என்றார்.

எனக்கு 'நீங்கள்', அவருக்கு 'நீ'. அதுவும் முன்மாதிரிக்கு.

"என் புள்ளைக்குப் படிக்கத் தெர்லங்க."

"வீட்டுச் சூழல் நல்லா இருக்கே, தானா வந்துடும்."

இரண்டு புதுப் படிவங்களைக் கொடுத்து அனுப்பினார். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். அக்கா சிரித்தார்.

"முன்மாதிரியாம்! எங்க வூட்டுக்காரரு கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாரு." பிறகு குரலைத் தணித்தார். "உன்னுத எனக்குக் குடு. என்னுத நீ எழுது. அவ்ளோ தான? நானு இருபது டிக்கு போட்டேன், நீயும் போடு. நீ போட்ட 'இல்ல'ய நான் போட்டுக்கிறேன். ஜெராக்ஸ் வெச்சினு கீறல்ல, எடு."

கைப்பையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வைத்துக்கொள்கிறவள் நான்.

"அது பொய்யாச்சேக்கா."

"நீ மெய்ய எழுதின. இன்னா ஆச்சு?"

நான் பேனாவைத் திறந்தேன். தினமும் அரைமணி நேரம், எப்போதும். குரல் உயர்த்துவதில்லை, எப்போதும். கை மேலிருந்து கீழே போகப் போக எளிதாக வந்தது. பக்கத்தில் அக்கா என் ஜெராக்ஸைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கதை சொல்றதுக்கு நீ 'இல்ல' போட்ருக்க. நான் நெஜமாவே தெனம் சொல்றேம்மா. கதை கேக்காம அவன் தூங்க மாட்டான். அத்த மட்டும் வுட்டுடட்டா?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே தலையை ஆட்டிவிட்டு 'இல்லை'யில் டிக் போட்டார். அந்த டிக்கைப் போட அவருக்கு மற்ற பத்தையும்விட நேரம் ஆனது.

அப்போது என் தோளுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலில் எழுத்துக் கூட்டி, பிறகு கோர்த்து: "தி-ன-மு-ம்... தினமும் கதை சொல்கிறேன். எப்போதும்." மகள் என் முதுகில் சாய்ந்தபடி படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டு வாசித்த முதல் வரி அது.

"அம்மா, நீ எங்க சொல்ற? உனக்குத்தான் சிங்கத்துக்கு அப்புறம் வராதே."

அக்கா படிக்கட்டு அதிரச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய், இதோ கேளுங்கள் என்று மேசைமேல் நிறுத்தியிருக்க வேண்டும். போகவில்லை. மறுபடி முறை என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மகளிடம், "இனிமே முழுசாச் சொல்றேன் கண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையொப்பம் போட்டேன். அன்று எழுதியதில் அந்தக் கையொப்பம் ஒன்றுதான் மெய்.

புதன்கிழமை இரண்டு பிள்ளைகளும் மேசை மாறினார்கள். யாரும் என் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அக்காவின் மகனையும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு ஷேர் ஆட்டோவில் அவள் இரத்தப் பரிசோதனை நிலையத்தை வாசித்தாள். ஆனால் வாசிக்குமுன் என் முகத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் பார்க்க மாட்டாள். அந்தப் பார்வைக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது? அக்காவின் மகன் அ-விலிருந்து தொடங்கி இப்போது தன் பெயரை எழுதுகிறானாம். வீட்டுச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறான் என்று அக்கா புகார் சொல்வதுபோலப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பள்ளி இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளி ஒரு படம் போட்டது. நான் சான்றிதழோடு நிற்கிறேன். கீழே, பயிலரங்கின் பயனாக ஆறே வாரத்தில் ஒரு குடும்பத்தில் ஏற்பட்ட மாற்றம் என்று எழுதியிருந்தது. ஒன்பது மதிப்பெண்ணிலிருந்து இருபதுக்கு. அறுபது பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் சேர்க்கைக்காகப் புதிதாக வரும் பெற்றோருக்கு என் அனுபவத்தை இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று ஒருங்கிணைப்பாளர் தனியே கேட்டிருந்தார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"போம்மா. மேடையில ஏறி உள்ளத உள்ளபடி சொல்லு. அப்பறம் உன்ன எந்த டேபிள்ல உக்கார வெக்கிறாங்கன்னு பாக்கலாம்."

"அக்கா, திரும்பவும் பாப்பாவை ஏதாவது பண்ணிட்டா?"

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குத் தான் நானும் யோசிக்கிறேன்," என்றார்.

வருகிறேன் என்று ஒருங்கிணைப்பாளருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். பேச்சை மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். கணவரிடம், அன்று டீக்கடையில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மகளிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு சொல்லில் தடுக்கினாள், திரும்ப வாசித்தாள், முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு நிமிடத்துக்குக் குறைவாகத்தான் ஆனது. எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"மைக் தருவாங்களா?" என்றாள்.